கடவுளுக்கும் ஒரு காரணம் வேண்டுமா?

ஜனக மன்னனின் அவை. யாக்ஞவல்க்கிய முனிவரிடம் ஒவ்வொருவராக எழுந்து கேள்வி கேட்கிறார்கள். கார்க்கி என்ற பெண் ஞானியின் முறை வருகிறது. "இதெல்லாம் நீரில் ஊடும் பாவுமாக நெய்யப்பட்டிருக்கிறது என்றால், அந்த நீர் எதில் நெய்யப்பட்டிருக்கிறது?" காற்றில் என்கிறார் யாக்ஞவல்க்கியர். காற்று எதில்? வானத்துக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட உலகங்களில். அவை எதில்? கந்தர்வ உலகங்களில். இப்படியே சூரியன், சந்திரன், நட்சத்திரங்கள், தேவர்கள், இந்திரன், பிரஜாபதி என்று கேள்வி மேலே மேலே ஏறிப் பிரம்ம உலகங்கள் வரை போகிறது. "சரி, அந்தப் பிரம்ம உலகங்கள் எதில்?" என்று கார்க்கி கேட்டதும் யாக்ஞவல்க்கியர் நிறுத்துகிறார். "கார்க்கி, அளவுக்கு மீறிக் கேட்காதே, உன் தலை விழுந்துவிடும்." கார்க்கி பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார். பிருகதாரண்யக உபநிடதத்தில் வரும் காட்சி இது.

நம் வீடுகளில் இது வேறு மாதிரி நடக்கும். "இந்த மரத்தை யார் செஞ்சா?" "சாமி." "சாமியை யார் செஞ்சா?" "அப்படியெல்லாம் கேக்கக் கூடாது, சாமி கண்ணைக் குத்தும்." நானும் அப்படி வாயடைக்கப்பட்ட பிள்ளைதான். வளர்ந்த பிறகு அதே கேள்வியைப் பகுத்தறிவு மேடைகளில் கேட்டேன். அங்கே அது கடைசி வாக்கியமாக வரும், கைதட்டல் எழும், பேச்சாளர் இறங்கிவிடுவார். வீட்டில் அது பாவம், மேடையில் அது வெற்றி. ஆனால் இரண்டு இடத்திலும் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. அதுதான் எனக்கு வருத்தம். ஏனென்றால் அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் விஷயமே ஆரம்பிக்கிறது. இதைப் பற்றி முதல்முறையாக யோசிப்பவர்களுக்காக மெதுவாகப் பிரித்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், நாம் எல்லோரும் கேட்டிருக்கும் அந்த வாதம். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு. உலகத்துக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம்தான் கடவுள். இதை முதற்காரண வாதம் என்பார்கள்.

இப்படிச் சொன்னால் எதிர்க்கேள்வி தானாக வந்து விழுகிறது. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்றால் கடவுளுக்கும் உண்டு. கடவுளுக்கு இல்லை என்றால் "எல்லாவற்றுக்கும்" என்று சொன்னது பொய். ஏறிய ஏணியையே எட்டி உதைக்கும் வாதம் இது. ஆங்கிலத் தத்துவஞானி ஜான் ஸ்டுவர்ட் மில் தன் தந்தை இதைத் தனக்குக் கற்றுக்கொடுத்ததாக 1873இல் வெளிவந்த தன்வரலாற்றில் எழுதுகிறார். "என்னைப் படைத்தது யார்" என்பதற்கு விடை சொல்ல முடியாது, ஏனென்றால் உடனே "கடவுளைப் படைத்தது யார்" என்ற கேள்வி வந்துவிடும் என்பது தந்தை சொன்னது. பின்னாளில் தத்துவஞானியான பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 18 வயதில் அந்த வரியைப் படித்தார். முதற்காரண வாதத்தை அத்தோடு விட்டுவிட்டதாக 1927இல் லண்டனில் ஆற்றிய உரையில் சொன்னார்.

மில்லும் ரஸ்ஸலும் சொன்னது சரிதான். அந்த வடிவத்தில் வாதம் நிற்காது. ஆனால் இந்த வாதத்தை ஆழமாக வளர்த்தெடுத்த பெரிய சிந்தனையாளர்கள் "எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு" என்று தொடங்கவில்லை. அவர்கள் "எல்லாம்" என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு அடைமொழி வைத்தார்கள். எந்த மாதிரிப் பொருளுக்குக் காரணம் தேவை? விவாதம் முழுவதும் அந்த அடைமொழியில்தான் இருக்கிறது.

"இது கடவுளுக்கு மட்டும் காட்டும் சலுகை இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. "எல்லோரும் வரி கட்ட வேண்டும், என் மாமாவைத் தவிர" என்றால் அது சலுகை. "வருமானம் உள்ள எல்லோரும் வருமான வரி கட்ட வேண்டும்" என்றால் அது விதி. வருமானமே இல்லாதவர் வரி கட்டாமல் இருப்பது அவருக்குக் கொடுத்த சலுகை ஆகாது, விதி அவரைத் தொடவே இல்லை. ஆகவே நாம் பார்க்க வேண்டியது ஒன்றுதான். இந்த அடைமொழி கடவுளைக் காப்பாற்றுவதற்காகவே செய்யப்பட்டதா, அல்லது கடவுளைப் பற்றி யோசிக்காதவர்கூட ஒப்புக்கொள்ளக்கூடியதா?

மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் "ஆக்கம் அளவு இறுதி இல்லாய் அனைத்துலகும் ஆக்குவாய்" என்கிறார். பக்தியோடு பாடிப் போகும் வரி. நின்று பார்த்தால் மேலே சொன்ன விதி முழுவதும் அதில் இருக்கிறது. ஆக்கம் இல்லாதவன், அதாவது ஆக்கப்படாதவன், ஆக்குகிறான். ஆக்கப்பட்டவற்றுக்குத்தான் ஆக்கியவன் தேவை.

அடைமொழிகளில் மூன்றைச் சொல்கிறேன். மூன்றும் வெவ்வேறு ஊர்களில் வளர்ந்தவை.

முதலாவது "தோன்றிய எல்லாவற்றுக்கும்" என்பது. இதைக் கூர்மையாக வாதிட்டவர் இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி (1058-1111). ஒரு காலத்தில் இல்லாமல் இருந்து பிறகு வந்த எதற்கும் காரணம் வேண்டும். உலகம் ஒரு காலத்தில் தோன்றியது. ஆகவே அதற்குக் காரணம் உண்டு. கடவுள் தோன்றவில்லை, என்றும் இருக்கிறார், ஆகவே கேள்வி அவரிடம் போகாது. இதில் பாரம் எல்லாம் "உலகம் தோன்றியது" என்பதன் மேல் விழுகிறது. கடந்த காலம் முடிவில்லாமல் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது என்று ஒருவர் சொன்னால்? கஸ்ஸாலி கிரகங்களைக் காட்டினார். அவர் காலத்துக் கணக்கில் சூரியன் ஓராண்டில் ஒரு சுற்று வருகிறது, வியாழன் 12 ஆண்டில், சனி 30 ஆண்டில். குருப்பெயர்ச்சியும் சனிப்பெயர்ச்சியும் பார்க்கும் நமக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. கடந்த காலத்துக்குத் தொடக்கமே இல்லை என்றால் சூரியனின் சுற்றுகளும் எண்ணற்றவை, சனியின் சுற்றுகளும் எண்ணற்றவை. ஒன்று மற்றொன்றைப் போல 30 மடங்கு இருந்தும் இரண்டும் எப்படி ஒரே அளவாக முடியும்? ஆகவே தொடக்கமில்லாத கடந்த காலம் இருக்க முடியாது என்றார்.

அழகான வாதம். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேண்டர் என்ற கணித மேதை முடிவிலி எண்ணிக்கைகள் அப்படித்தான் நடந்துகொள்ளும் என்று காட்டினார். 1, 2, 3 என்று போகும் எண்களையும் 2, 4, 6 என்று போகும் எண்களையும் ஒன்றுக்கு ஒன்றாக ஜோடி சேர்த்துக்கொண்டே போகலாம், எதுவும் மிஞ்சாது. விசித்திரம்தான், ஆனால் முரண்பாடு இல்லை. முடிவிலி கணிதத்தில் இருக்கலாம், நடந்து முடிந்த காலத்தில் இருக்க முடியாது என்று கஸ்ஸாலியின் பக்கம் நிற்பவர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

இரண்டாவது அடைமொழி இப்னு சீனாவுடையது. அவர் 1037இல் மறைந்தவர், மருத்துவர், தத்துவஞானி. என்னைக் கேட்டால் மூன்றில் இதுதான் வலுவானது. அவர் காலத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. இருப்பவற்றை இரண்டாகப் பிரித்தார். சில, இருக்கின்றன, ஆனால் இல்லாமலும் போயிருக்கலாம். நீங்கள், நான், வீட்டு வாசலில் இருக்கும் வேப்பமரம், இமயமலை எல்லாம் அந்த வகை. என் தாத்தா அன்று அந்தப் பேருந்தைத் தவற விட்டிருந்தால் நான் இல்லை. அப்படி இல்லாமலும் போயிருக்கக்கூடிய ஒன்று இருக்கிறது என்றால், இல்லாமையைவிட இருப்பு ஏன் வென்றது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. இன்னொரு வகை, இல்லாமல் இருக்கவே முடியாதது. அப்படி ஒன்று உண்டென்றால் அதனிடம் போய் "நீ ஏன் இருக்கிறாய்" என்று கேட்பதில் பொருள் இல்லை. இரண்டும் இரண்டும் நான்காக இருப்பதை யாராவது தொடங்கி வைத்தார்களா என்று நாம் கேட்பதில்லை அல்லவா, ஏறக்குறைய அந்த மாதிரி.

அடுத்து அவர் செய்ததுதான் நுட்பம். இல்லாமலும் போயிருக்கக்கூடிய எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் குவியுங்கள் என்றார். அந்தக் குவியலில் பொருள்கள் முடிவில்லாமல் இருந்தாலும் கவலை இல்லை. குவியல் முழுவதும் இருக்கிறதே, அது ஏன் இருக்கிறது? அதைத் தாங்குவது குவியலுக்குள் இருக்கும் ஒன்றாக இருக்க முடியாது, ஏனென்றால் அதற்கும் அதே குறை உண்டு. ஆகவே வெளியே, இல்லாமல் இருக்கவே முடியாத ஒன்று இருக்கிறது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். "காரணங்களின் சங்கிலி முடிவில்லாமல் பின்னால் போனால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்பவர்கள் பல பேர். நானும் கேட்டிருக்கிறேன். இரண்டு விதச் சங்கிலி உண்டு என்று தெரிந்ததும் குழப்பம் தீர்ந்தது. ஒன்று, அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று போவது. கொள்ளுத்தாத்தா இறந்து போய்ப் பல காலம் ஆகியிருக்கும், பேரன் பாட்டுக்கு நன்றாக இருக்கிறான். இந்தச் சங்கிலி முடிவில்லாமல் பின்னால் போனாலும் அதனால் ஒன்றும் அறுந்து விழாது. இன்னொன்று, கோயில் சந்நிதியில் தொங்கும் சங்கிலி விளக்கு. விளக்கைக் கடைசிக் கண்ணி தாங்குகிறது, அதை மேல் கண்ணி தாங்குகிறது, எல்லாம் இதே நொடியில். இங்கே கண்ணிகளை எத்தனை வேண்டுமானாலும் கூட்டுங்கள், மேலே உத்தரத்தில் ஒரு கொக்கி இல்லாவிட்டால் விளக்கு தரையில்தான் கிடக்கும். கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் (1225-1274) முதற்காரணம் என்றபோது இரண்டாவது வகையைத்தான் சொன்னார். கையும் கோலும் அவருடைய உவமை. கை அசைக்கும் வரைதான் கோல் அசைக்கும். உலகத்துக்குக் காலத்தில் ஒரு தொடக்கம் உண்டு என்பதை அவர் விசுவாசத்தால் ஏற்றார், ஆனால் தருக்கத்தால் அதை நிறுவ முடியாது என்று வெளிப்படையாகவே சொன்னார். "கடவுள் முதலில் பட்டாசைக் கொளுத்திவிட்டு ஒதுங்கிக்கொண்டார்" என்ற சித்திரம் அவருடையது இல்லை.

ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸ் 1697இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு வடிவியல் நூலை உதாரணம் காட்டுகிறார். நாம் அதை ஏட்டுச்சுவடியாக எண்ணிக்கொள்ளலாம். என் கையில் இருக்கும் சுவடியை அதற்கு முந்திய சுவடியைப் பார்த்துப் படியெடுத்தார்கள். அதை அதற்கும் முந்தியதைப் பார்த்து. இப்படி முடிவில்லாமல் பின்னால் போகட்டும். ஒவ்வொரு சுவடியும் எப்படி வந்தது என்று சொல்லியாகிவிட்டது. ஆனாலும் அதில் எழுதியிருக்கும் பாட்டு எங்கிருந்து வந்தது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை.

சரி, இந்த வாதங்களை எல்லாம் முழுதாக ஒப்புக்கொண்டு, எங்கோ ஓர் இடத்தில் காரணம் தேவைப்படாத ஒன்று இருந்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் உண்மையான சிக்கல் வருகிறது. அதைத் தத்துவ நூலில் படித்ததைவிட ஒரு வானியல் நூலில் படித்தபோதுதான் எனக்கு நன்றாக உறைத்தது.

பூமியை எது தாங்குகிறது? ஆதிசேஷன் என்கின்றன புராணங்கள், ஆமை என்றும் யானைகள் என்றும் சொல்வதுண்டு. 1150இல் சித்தாந்த சிரோமணி என்ற வானியல் நூலை எழுதிய இரண்டாம் பாஸ்கரர் இதை எடுத்துக்கொண்டார். பூமியை ஒரு பொருள் தாங்குகிறது என்றால் அந்தப் பொருளைத் தாங்க இன்னொன்று வேண்டும், அதைத் தாங்க மற்றொன்று வேண்டும், இதற்கு முடிவே இல்லை. கடைசியில் ஏதோ ஒன்று தன் சக்தியாலேயே நிற்கிறது என்று சொல்லத்தான் போகிறோம் என்றால், அதை முதலிலேயே பூமிக்குச் சொல்லிவிட்டால் என்ன? இதுதான் அவர் வாதம். பாஸ்கரர் கடவுளைப் பற்றிப் பேசவில்லை, பூமியைப் பற்றித்தான் பேசுகிறார். ஆனால் வாதத்தின் எலும்புக்கூட்டைப் பாருங்கள். 1779இல் வெளிவந்த, ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹ்யூமின் உரையாடல் நூலில் ஒரு பாத்திரம் இதே யானைக் கதையை நினைவூட்டி, இதே கேள்வியைக் கடவுள்மேல் திருப்புகிறது. எங்கோ நிற்கத்தான் வேண்டும் என்றால் உலகத்திலேயே நின்றுவிடக் கூடாதா? ஏன் ஒரு படி கூடுதலாகப் போக வேண்டும்?

"கடவுளைப் படைத்தது யார்" என்ற கேள்வியின் உண்மையான முகம் இது என்று நினைக்கிறேன். "உன் விதி உன்னையே அடிக்கிறதே" என்பது அதன் மேல்தோல் மட்டும். காரணம் தேவைப்படாத ஒன்று இருக்கலாம் என்று நீங்களே ஒப்புக்கொண்ட பிறகு, அந்த இடம் ஏன் கடவுளுக்கு, ஏன் பிரபஞ்சத்துக்கு இல்லை என்பதுதான் உள்ளே இருப்பது.

1948இல் பிபிசி வானொலியில் ரஸ்ஸலும் கொப்பிள்ஸ்டன் என்ற இயேசு சபைப் பாதிரியாரும் இதைத்தான் விவாதித்தார்கள். பிரபஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான் என்றார் ரஸ்ஸல். ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு தாய் உண்டு, அதனால் மனித இனத்துக்கே ஒரு தாய் உண்டு என்று சொல்ல முடியுமா என்றும் கேட்டார். இது இப்னு சீனாவின் குவியலை நேராகத் தாக்கும் கேள்வி. உறுப்புகளுக்கு உள்ள குறை முழுமைக்கும் உண்டு என்பது எப்போதும் உண்மையில்லை. ஆனால் எப்போதும் பொய்யும் இல்லை. ஒவ்வொரு செங்கல்லும் சிறியது என்பதால் சுவர் சிறியது ஆகாது. ஒவ்வொரு செங்கல்லும் சிவப்பு என்றால் சுவர் சிவப்புதான். "இல்லாமலும் போயிருக்கலாம்" என்பது அளவு போன்ற குணமா, நிறம் போன்ற குணமா? எனக்கு அது நிறம் போலத்தான் படுகிறது. எண்ணிக்கை கூடுவதால் தீர்கிற குறையாக அது தெரியவில்லை. ரஸ்ஸல் பக்கம் சாய்பவர்கள் அப்படி ஒரு குணத்தை முழுப் பிரபஞ்சத்துக்குச் சொல்வதற்கே பொருள் இல்லை என்பார்கள்.

இனி மூன்றாவது அடைமொழி. இது நம் மண்ணில் வளர்ந்தது, இங்கேதான் சண்டையும் மிகக் கடுமையாக நடந்தது.

பானையைப் பார்க்கிறோம். குயவர் கண்ணில் படவில்லை. ஆனாலும் யாரோ வனைந்தார்கள் என்று தெரிகிறது, ஏனென்றால் பானை உறுப்புகள் கூடி உருவானது, ஒரு காரியம், அதாவது செய்து உண்டான பொருள். உலகமும் அப்படித்தான், ஆகவே அதற்கும் ஒரு கர்த்தா, செய்தவர், உண்டு. இது நியாயம் என்ற தருக்க மரபினர் வாதம். 10ஆம் நூற்றாண்டின் உதயனர் இதைப் பெரிதாக வளர்த்தார். தமிழில் இதன் இணையற்ற வடிவம் 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம்:

"அவன் அவள் அது எனும் அவை மூவினைமையின்
தோற்றிய திதியே ஒடுங்கி மலத்து உளதாம்
அந்தம் ஆதி என்மனார் புலவர்"

அவன், அவள், அது என்று சுட்டிக் காட்டக்கூடிய எல்லாம் தோன்றுகின்றன, நிற்கின்றன, ஒடுங்குகின்றன. ஆகவே உலகம் தோற்றுவிக்கப்பட்டது. எதில் ஒடுங்கியதோ அதிலிருந்துதான் மறுபடி தோன்றும். எல்லாம் ஒடுங்கிய பிறகும் எது எஞ்சி நிற்கிறதோ அதுவே முதல். அந்தமே ஆதி. முதற்காரணத்தைத் தொடக்கத்தில் தேடாமல் முடிவில் தேடும் இந்தத் திருப்பம் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது. இங்கேயும் கடவுளுக்குக் காரணம் கேட்கப்படாததற்கு அடைமொழிதான் காரணம். சுட்டி உணரப்படுவதற்கும் மூன்று தொழிலுக்கு ஆட்படுவதற்கும்தான் கர்த்தா வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்தத்தில் கடவுள் ஒன்றுமில்லாததிலிருந்து உலகைப் படைப்பதில்லை. பானைக்கு மண் முதற்காரணம் (இங்கே அந்தச் சொல்லுக்கு மூலப்பொருள் என்று பொருள்), தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், செய்பவரான குயவர் நிமித்த காரணம். உலகுக்கு மாயை முதற்காரணம், சக்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம். "பதியினைப் போற்பசு பாசம் அனாதி" என்கிறார் திருமூலர். அதாவது தோற்றமில்லாத பொருள் கடவுள் மட்டும் இல்லை, உயிர்களும், உயிர்களைக் கட்டும் தளையான பாசமும்கூட அப்படித்தான். "காரணமில்லாமல் ஒன்று எப்படி இருக்க முடியும்" என்று சித்தாந்தியிடம் கேட்டால், ஒன்றல்ல, மூன்று இருக்கின்றன என்பார். இஸ்லாமிய, கிறித்தவ வாதங்களைப் படித்துவிட்டு வருபவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

இதை எதிர்த்தவர்கள் யார்? கடவுளே இல்லை என்று சொன்ன உலகாயதர் மட்டும்தான் என்று நினைத்தால் தப்பு. மிகக் கூர்மையான எதிர்ப்பு வேதத்தை உயிராக மதித்த மீமாம்சகரிடமிருந்து வந்தது. குமாரிலர் ஏறக்குறைய 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவர் கேட்டது இது. படைத்தவனுக்கு உடல் உண்டா? இல்லை என்றால் அவனுக்குப் படைக்கும் விருப்பம் எப்படி வந்தது, எதைக் கொண்டு செய்தான்? உண்டு என்றால் அந்த உடலைப் படைத்தது யார்? அது என்றும் உள்ள உடல் என்றால், மண்ணும் நீரும் தோன்றுவதற்கு முன் அது எதனால் ஆனது? 9ஆம் நூற்றாண்டின் சமண முனிவர் ஜினசேனர் இன்னொரு பக்கம் பிடித்தார். படைக்க மூலப்பொருள் வேண்டும், அதையும் கடவுளே படைத்தார் என்றால் அதற்கு முன் என்ன என்று முடிவில்லாமல் போகும். மூலப்பொருள் இயல்பாகவே இருந்தது என்றால், உலகம் முழுவதும் இயல்பாகவே இருந்தது என்று சொல்லிவிடலாமே. பாஸ்கரரின் கேள்விக்கு 300 ஆண்டு முன்னால் இது.

குமாரிலர் கைவைத்த இடம் பானை உவமையின் அடிமடி. கடவுள் குயவரைப் போல என்று எவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறோமோ அவ்வளவு அவருக்கும் ஒரு காரணம் தேவைப்படுகிறது, ஏனென்றால் நமக்குத் தெரிந்த எல்லாக் குயவரும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள். கடவுள் குயவரைப் போல இல்லை, உடல் இல்லை, உறுப்பு இல்லை, மாற்றம் இல்லை என்று எவ்வளவு விலக்குகிறோமோ அவ்வளவு அவர் காரணக் கேள்வியிலிருந்து தப்புகிறார், ஆனால் பானையிலிருந்து அவரிடம் போகும் பாதையும் அவ்வளவு மங்கிப் போகிறது. இந்த இழுபறிதான் கடவுளுக்குக் காரணம் உண்டா என்ற விவாதத்தின் நடுநரம்பு என்று நான் நினைக்கிறேன். உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 2006இல், இவ்வளவு சிக்கலான உலகை வடிவமைத்தவர் அதைவிடச் சிக்கலானவராக இருக்க வேண்டும், அவரை வடிவமைத்தது யார் என்று கேட்டதும் இந்தக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துத்தான். அக்குவினாஸ் முன்பே கடவுளுக்கு உறுப்புகளே இல்லை, சிக்கல் என்ற பேச்சே அவரிடம் இல்லை என்று மறுமுனையைப் பிடித்திருந்தார்.

சித்தாந்திகள் இந்த இழுபறியைத் தெரிந்தே எதிர்கொண்டார்கள். கடவுள் கைகால் கொண்டு செய்வதில்லை, அவர் சந்நிதியில் நடக்கிறது என்றார்கள். சூரியன் உதிக்கிறது, தாமரை ஒன்று மலர்கிறது, ஒன்று அரும்புகிறது, ஒன்று வாடுகிறது, சூரியனுக்கு எந்த மாற்றமும் இல்லை. உவமை அழகு. ஆனால் சூரியன் தாமரையை மலர்த்த நினைப்பதில்லை. அறிவுள்ள கர்த்தா என்பதற்காகத்தானே குயவரிடம் போனோம்? அந்த அறிவைத் தக்கவைத்துக்கொண்டே உடலை மட்டும் விட முடியுமா என்பதில்தான் சித்தாந்தியும் மீமாம்சகரும் கடைசிவரை பிரிந்து நின்றார்கள்.

அறிவியல் இதைத் தீர்த்துவிட்டதா என்று கேட்பார்கள். பிரபஞ்சத்தின் வயது ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டு. ஆனால் பெருவெடிப்பு என்பது நம் சமன்பாடுகள் பின்னோக்கிப் போகக்கூடிய எல்லை. அதுவே எல்லாவற்றின் தொடக்கம் என்று அந்தக் கொள்கை சொல்லவில்லை. அதற்கு அடித்தளம் போட்ட ஜார்ஜ் லெமைத்ர் கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கொள்கையைப் படைப்புக்குச் சான்று போலப் பேசியபோது மகிழாதவர்களில் லெமைத்ரும் ஒருவர். இன்னொரு பக்கம், கதிரியக்க அணு ஒன்று இந்த நொடியில் ஏன் சிதைந்தது என்பதற்குக் காரணம் இல்லை என்று குவாண்டம் இயற்பியலின் வழக்கமான விளக்கம் சொல்வதை எடுத்துக்காட்டி, காரணமில்லாமல் பிரபஞ்சமும் வந்திருக்கலாம் என்பார்கள். அந்த அணுவும் இயற்கை விதிகளும் ஏற்கெனவே இருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது. நாம் கேட்பது அவையே ஏன் இருக்கின்றன என்று.

காலமே பிரபஞ்சத்தோடு சேர்ந்துதான் வந்தது என்றால் "அதற்கு முன்" என்ற சொல்லே பொருளிழந்துவிடலாம். இது எனக்குப் பாஸ்கரரின் பூமியை நினைவூட்டுகிறது. ஆமையைத் தேடியவர்கள் கடைசியில் தோற்றது தாங்கும் பொருள் கிடைக்காததால் அல்ல. "கீழே" என்பது பூமியை நோக்கிய திசை என்று புரிந்ததும், பூமி எங்கே விழும் என்ற கவலையே கரைந்துவிட்டது. காரணம் என்ற சொல்லும் பிரபஞ்சத்துக்குள் மட்டும் பொருள்படும் சொல்லாக இருக்கலாம். அப்படியிருந்தால் "உலகத்துக்குக் காரணம் என்ன" என்பதும் "கடவுளுக்குக் காரணம் என்ன" என்பதும் சேர்ந்தே கரையும். ஆனால் அப்படித்தான் என்று பூமிக்குக் காட்டியதைப் போல இதற்கு இன்னும் யாரும் காட்டவில்லை.

என் கருத்தைக் கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன். காரணம் தேவைப்படாத ஏதோ ஒன்று இருக்கிறது என்பது வரை வாதம் என்னை இழுத்துப் போகிறது. அந்த ஒன்று என் குரலைக் கேட்கிறது, என் வலியை அறிகிறது என்பது வரை அது என்னைக் கொண்டுபோவதில்லை. அங்கே போனவர்கள் வேறு வழியாகப் போனார்கள். மாணிக்கவாசகர் தருக்கத்தில் வென்று அழவில்லை. அதனால்தான் அந்தப் பிள்ளையின் வாயை யாரும் அடைக்க வேண்டியதில்லை என்கிறேன். "சாமியை யார் செஞ்சா" என்று கேட்டால், "செய்யப்படாத ஒன்று இருக்க முடியுமான்னு நீ நினைக்கிறே?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, பிள்ளை சொல்வதைக் கேட்க உட்காரலாம்.

கார்க்கியின் கதை அந்த மிரட்டலோடு முடியவில்லை. அதே அவையில், கொஞ்ச நேரம் கழித்து, அவர் மறுபடி எழுந்தார். வில்லை நாணேற்றி இரண்டு அம்புகளோடு எதிரியின்முன் நிற்கும் வீரனைப் போல இரண்டு கேள்விகளோடு வந்திருக்கிறேன் என்றார். வானுக்கு மேலும் மண்ணுக்குக் கீழும் இருப்பது, இருந்தது, இருக்கப்போவது எல்லாம் எதில் நெய்யப்பட்டிருக்கிறது? ஆகாசத்தில். அந்த ஆகாசம் எதில்? இந்த முறை யாக்ஞவல்க்கியர் தலை விழும் என்று சொல்லவில்லை. அழியாதது ஒன்று, அட்சரம், அதில் என்றார். அது பருத்ததில்லை, நுண்ணியதில்லை, குட்டையில்லை, நெட்டையில்லை, நிழலில்லை, இருளில்லை, காற்றில்லை, கண்ணில்லை, காதில்லை, உள்ளில்லை, புறமில்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். "எதில் நெய்யப்பட்டது" என்று மறுபடி கேட்க எந்தப் பிடியும் மிஞ்சாதபடி ஒவ்வொரு "இல்லை"யும் ஒரு நூலை உருவியது. கார்க்கி அவையைத் திரும்பிப் பார்த்து, இவரை யாரும் வெல்ல மாட்டீர்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.